கட்டுரை ஆசிரியர்: ஏ. மீனாச்சி

பஸ் கண்டக்டர் ஏகாம்பரத்தை நினைத்தால் முதலில் எனக்கு எரிச்சல்தான் வரும். மனிதர் அவ்வளவு பாடு படுத்தினார். மலாக்காவில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில், ஒரு கடை மாடியில் என் தட்டச்சு வகுப்பு நடந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிற வருஷம் அது. குடியுரிமைக்கு மனுப் போட வந்தவர்கள் படிக்கட்டு வரைக்கும் நின்றார்கள். வகுப்பை ஓரம் கட்டிவிட்டு, நாள் முழுக்க மனு அடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு, காக்கிச் சட்டையும் தோளில் டிக்கெட் பையுமாக ஒருவர் உள்ளே வந்தார். ஒரு கட்டுத் தாளை என் மேசைமேல் வைத்தார்.

“மனுதானே? வரிசையில நில்லுங்க அண்ணே,” என்றேன்.

“எனக்கு மனு வேணாம், சிக்கு. நான் காஜா பேராங் ஆளு. எங்க தாத்தாவுக்குத் தாத்தாவே இங்கதான் பிறந்தாரு. இது அனாக் எழுதினது. என் பொண்ணு.”

காஜா பேராங் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. அங்கே இருக்கும் மலாக்கா செட்டிகள் நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள். பெயரும் நம் பெயர்தான். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். ஏகாம்பரம் மட்டும் பத்து பெரெண்டாம் ஊருக்குப் போகும் பஸ்ஸில் பயணிகளோடு மல்லுக்கட்டியே கொஞ்சம் தமிழைப் பிடித்து வைத்திருந்தார். மலாயில் ஆசிரியரை அழைப்பதுபோல என்னையும் ‘சிக்கு’ என்றார். சிவகாமசுந்தரி என்ற என் முழுப்பெயரை அவர் கடைசிவரை கேட்டதே இல்லை.

மகள் மீனாச்சி பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியை. போகியன்று அவர்கள் முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பார்கள், ‘பார்ச்சு’ என்பார்கள். அதைப் பற்றி அவள் வீடு வீடாகப் போய் விசாரித்து ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். சிங்கப்பூரிலிருந்து வரும் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பவும் செய்தாள். கையால் எழுதியதை ஏற்பதில்லை, விதிப்படி தட்டச்சு செய்து அனுப்பினால் பார்க்கிறோம் என்று கட்டுரையைத் திருப்பியிருந்தார்கள். கூடவே விதிகளை அச்சிட்ட ஒரு தாள். அது காஜா பேராங்குக்கு வந்து சேர்ந்தபோது மீனாச்சி இல்லை. விஷக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

“கட்டுரை அச்சுல வரணும் சிக்கு. மேல அவ பேர் இருக்கணும். வேற ஒண்ணும் வேணாம்.”

“அவங்ககிட்ட விஷயத்தைச் சொன்னீங்களா?”

“சொல்லல. செத்தவ எழுதினதை எதுக்குப் போடுவாங்க? தூக்கிப் போட்டுட்டா அப்புறம் நான் என்ன செய்வேன்?”

நான் மனுக் கட்டை ஒதுக்கி வைத்தேன்.

வேலை தொடங்கியதுமே தலை சுற்றியது. மீனாச்சி தாள்களில் பக்க எண் போடவில்லை. கட்டு அவிழ்ந்து கலைந்ததை ஏகாம்பரமே அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். எப்படி அடுக்கினார் தெரியுமா? இலையில் பதார்த்தம் வைக்கும் வரிசைப்படி! சோறு வரும் தாள் முதலில், மீன் வரும் தாள் அடுத்து, பலகாரம் வருவது அதற்கடுத்து. முன்னுரையில் தண்ணீர்க் குவளையைப் பற்றி ஒரு வரி இருந்ததால் அது கடைசிக்குப் போய்விட்டது. “அண்ணே, இது கட்டுரை, பந்தி இல்ல,” என்று கத்தினேன். அவரும் சிரித்தார். மகள் போன பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அப்போது எனக்குத் தெரியாது. தாள்களைத் தரையில் பரப்பி, இருவரும் உட்கார்ந்து சரியாக அடுக்கினோம்.

வேலை இல்லாத நாளெல்லாம் என் மெஷின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். விதித்தாளை மனப்பாடமே செய்துவிட்டார். தாளின் ஒரு பக்கம்தான் அடிக்கணும், வரிக்கு வரி இடம் விடணும், இடது ஓரம் அகலமா இருக்கணும், கார்பன் வைத்து இன்னொரு பிரதி எடுக்கணும். நான் அடித்து உருவுகிற ஒவ்வொரு தாளிலும் அளவுகோலை வைத்து ஓரத்தை அளப்பார். ஒரு நூல் குறைந்தாலும் “தக் பொலே, சிக்கு,” முடியாது என்பார். திரும்ப அடிக்கணும். டிக்கெட் இல்லாத பயணியைப் பிடித்தவர் மாதிரி நிற்பார். அந்த முகத்தைப் பார்த்தால் திட்டவும் வராது.

ஆங்கிலம் அல்லாத சொல்லுக்கெல்லாம் அடிக்கோடு போடணும் என்பது ஒரு விதி. நான் போட்டுக்கொண்டே வந்தேன்.

“சாதத்துக்குக் கோடு, சாம்பிராணிக்குக் கோடு. அப்ப எங்க வீட்ல பேசற பேச்சு பூரா கோடுதானா?” என்றார்.

அடிக்குறிப்புகள்தான் பெரிய வேலை. மீனாச்சி சொன்ன ஒவ்வொரு செய்திக்கும் ஒரு குறிப்பு வைத்திருந்தாள். எந்த வீட்டில், எந்த வருஷம், பார்த்தவர் யார் என்று. கேள்விப்பட்டதை எழுத மாட்டாள் அந்தப் பெண். குறிப்புகளை எல்லாம் தனித்தாளில் வரிசையாக அடித்து, கட்டுரையின் பின்னால் சேர்த்தேன். தெருவில் சுதந்திர விழாவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் அது சிங்கப்பூருக்குப் போனது. கூட வைத்த கடிதத்தில் கையெழுத்து இல்லை. மகள் பெயரை அடித்தால் போதும் என்றார்.

தீபாவளி கழிந்து பதில் வந்தது. உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்தார். அவள் பெயருக்கு வந்த கடிதத்தைத் தான் எப்படிப் பிரிப்பது என்று கேட்டார். நான் பிரித்தேன். கட்டுரை மிக நன்று, வெளியிட விரும்புகிறோம் என்று இருந்தது. அதைத் தமிழில் சொன்னதும் மனிதர் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்புறம்? இன்னும் எழுதியிருக்கே.”

மீதியை மனசுக்குள் படித்தேன். ‘ஒரு குறை மட்டும். பிள்ளைகள் பெற்றோருக்குப் படைப்பதைச் சொல்லியிருக்கிறீர்கள். மணமாகாத பிள்ளை பெற்றோருக்கு முன்பே இறந்துவிட்டால் படைப்பது யார்? இலை எங்கே போடப்படும்? பெற்றவர்கள் வணங்குவார்களா? இதைப் பற்றி ஒரு பத்தி சேர்த்து அனுப்புங்கள்.’

எழுதியவர்மேல் எனக்கு ஆத்திரம் பொங்கியது. பாவம், அவர் என்ன கண்டார்? நியாயமான கேள்விதான். மீனாச்சி இருந்திருந்தால் ‘ஐயோ, இதை விட்டுட்டேனே’ என்று தலையில் தட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடியிருப்பாள். நான் மெல்ல மெல்லச் சொல்லி முடித்தேன்.

“தெரியல சிக்கு. எங்க வீட்ல பெரியவங்களுக்குத்தான் வச்சிருக்கோம்,” என்றார். பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அதன் பிறகு அவரைக் காணவில்லை. பொங்கல் கழிந்துதான் வந்தார். முக்காலியில் உட்கார்ந்து, “அந்தப் பத்தி அடிக்கலாம்,” என்றார்.

“யாரையாவது கேட்டீங்களா அண்ணே?”

“கேட்டேன். ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கடைசியில அன்னம்மாதான் செஞ்சா.” அன்னம்மா அவர் மனைவி. “பெரியவங்க இலைக்கு எட்ட, தனியா ஒரு சின்ன இலை போட்டா. தேங்காய்ப்பால் ஊத்தின நாசி லெமாக் வச்சா, மீனாச்சிக்குப் பிடிக்கும். எல்லாத்தையும் அவளே வச்சா, என்னைத் தொட விடல. அப்பன் மகளைக் கும்பிடக் கூடாதாம். சும்மா நின்னேன். கையை எங்க வைக்கிறதுன்னே தெரியல சிக்கு.”

அதை நான் ஆங்கிலத்தில் அடித்தேன். ‘இலையைத் தாய் இடுகிறாள். அது மூத்தோர் இலைகளுக்கு விலகி இருக்கும். தகப்பன் உடன் நிற்பதுண்டு, வணங்குவதில்லை.’ வாசித்துக் காட்டினேன். கட்டுரையின் மற்ற வரிகளைப் போலவே இருந்தது.

“குறிப்பு?” என்றார்.

“இதுக்கு வேணாம் அண்ணே.”

“குறிப்பு இல்லாம அவ ஒரு வரி எழுதினதில்ல.”

“சரி, ‘ஒரு வீட்டில் கண்டது’ன்னு போட்டுடறேன்.”

“எந்த வீடுன்னு அவ எழுதுவா. வருஷம் எழுதுவா.”

“உண்மையைப் போட்டா அவ உயிரோட இல்லைன்னு தெரிஞ்சிடும். நீங்கதானே பயந்தீங்க? இவ்வளவு தூரம் வந்துட்டு, அவங்க வேணாம்னுட்டா?”

அவர் டிக்கெட் பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். எனக்குப் பதற்றமாக இருந்தது. எழுந்து போய்விட மாட்டாரா என்று கூட நினைத்தேன்.

“இது அவ கட்டுரை,” என்றார் கடைசியில். “அவ பேரைப் போட்டுட்டு, கீழ நான் பொய் எழுதக் கூடாது லா. அடிங்க சிக்கு.”

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். ‘காஜா பேராங், கட்டுரை ஆசிரியரின் வீடு, 1958 போகி. படையல் கட்டுரை ஆசிரியருக்கு. பார்த்தவர் அவர் தகப்பன்.’

தாளை உருவியதும் அளவுகோலை வைத்து ஓரத்தை அளந்தார். சரியாக இருந்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை.

கூட வைத்த கடிதத்தில் இந்தத் தடவை அவர் தன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டார். இதழ்க்காரர்கள் வேணாம் என்று சொல்லவில்லை. அந்த வருஷக் கடைசியில் கட்டுரை வந்தது. மேலே மீனாச்சி பெயர், பின்னால் அந்தக் குறிப்பு, ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் ஏகாம்பரத்தை நினைத்தால் எனக்கு அந்த அச்சுப் பக்கம் ஞாபகத்துக்கு வருவதில்லை. அதற்கு முன்னே சம்மதக் கடிதம் வந்த நாள்தான் வருகிறது.

அன்றைக்கு உறை பிரிந்திருந்தது. அவரே பிரித்திருந்தார். மகளின் மறைவுக்கு வருந்துகிறோம், கட்டுரையை அவர் பெயரிலேயே வெளியிடுவோம் என்று கண்ணியமாக எழுதியிருந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “ஜெயிச்சுட்டீங்க அண்ணே,” என்றேன்.

அவர் உறையைத் திருப்பிக் காட்டினார். முகவரியில் திரு. ஏகாம்பரம் என்று இருந்தது.

“இதுவரைக்கும் அவ பேருக்குத்தான் வந்துச்சு சிக்கு. தபால்காரர் வாசல்ல நின்னு ‘மீனாச்சி’ன்னு சத்தமா கூப்பிடுவாரு. அன்னம்மா அடுப்பை அப்படியே விட்டுட்டு ஓடுவா. வேற யாரு இப்ப அந்தப் பேரைக் கூப்பிடறாங்க? நாங்க ரெண்டு பேரும் சொல்றதில்ல. இன்னிக்கு அந்த ஆளு ‘ஏகாம்பரம்’னாரு. அன்னம்மா எழுந்திரிக்கவே இல்ல.”

நான் கடிதத்தை மடித்து அந்த உறைக்குள் வைத்தேன்.

“ஒரு உறை அடிச்சுத் தருவீங்களா? அவ பேருக்கு, எங்க வீட்டு முகவரிக்கு.”

சரியா தப்பா என்று நான் யோசிக்கவில்லை. மனு அடித்துக்கொண்டிருந்த தாளை உருவிவிட்டு உறையைச் சொருகினேன். மிஸ் ஏ. மீனாச்சி, காஜா பேராங், மலாக்கா. அடித்து முடித்து, உள்ளே வைக்க ஏதாவது எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

“ஒண்ணும் வேணாம் சிக்கு,” என்றார். “கூப்பிட்டாப் போதும்.”