அகபோரி பிரபுவின் சிரிப்பு

நம்ப மாட்டீர்கள். ஆனால் நடந்தது. கியோட்டோவில் சரித்திரத் தொடர் நடிகர்களுக்கு விக் கட்டுவது என் வேலை. அன்று ஜனவரி பதினாறு, விடியற்காலை 4.50.

அன்றைக்குச் சிரிப்புக் காட்சி. அகபோரி பிரபு நானூறு வருடத்துக்கு முந்தைய போர்த்தலைவர். ஏழு வயது மகள் எதிரியிடம் பிணையாக இருந்தும் போர் தொடுத்தவர். அவளைக் கொன்றுவிட்டார்கள் என்று கேட்டதும் சிரித்தாராம். காமிக்ஸ், வீடியோ கேம், சினிமா எல்லாவற்றிலும் அதே சிரிப்பு.

அந்தச் சிரிப்பை நீக்கிவிடலாமா என்று இயக்குநர் ஹமதானியிடம் முந்தைய நாள் கேட்டிருந்தேன்.

“கனாயே-சான், அவன் சிரிக்கலேன்னா ஜனங்க சேனலை மாத்திடுவாங்க. நீங்க முடியை மட்டும் பாருங்க. மூளையை நான் பாத்துக்கறேன்.”

என் மகளின் சாவில் நான் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்றார்கள். அதனால்தான் கேட்டேன். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

கதவுச் சத்தம் கேட்கவில்லை. திரும்பினால் நாற்காலியில் நடிகர் நிஷிகோரி. முழு வேஷத்தில், தலை குனிந்து.

“இவ்வளவு சீக்கிரமாவா?”

சீப்போடு அவர் பின்னால் போய் நின்றேன்.

விக்கின் ஓரத்தை நெற்றியோடு ஒட்ட விரலால் தேடினேன். ஓரமே இல்லை... சொந்த முடி. சில்லென்று ஈரம்.

கிமோனோவில் வலது மடிப்பு மேலே இருந்தது. பிணத்துக்குத்தான் அப்படி உடுத்துவோம். உடைக்காரர்களின் தவறு என்று திருத்தக் கை நீட்டினேன்.

“விடும்மா. சரியாத்தான் இருக்கு.”

நிஷிகோரியின் குரல் அல்ல.

5.07. போன் அடித்தது.

“நிஷிகோரி பேசறேன். பனியில ரயில் நின்னுடுச்சு. ஹமதானி குதிப்பாரு, கொஞ்சம் சமாளிங்க.”

சீப்பு பாதியில் நின்றது.

“இன்னைக்கும்... சிரிக்க வைப்பாங்களா?” என்றார் நாற்காலியில் இருந்தவர்.

“ஆமாங்க, பிரபு.”

அவர் தோள்கள் குலுங்கின. சத்தமே இல்லை.

என் தோள்களும்.

கண்ணைத் துடைத்தேன்...

நாற்காலி காலி.

ஏழு மணிக்கு வந்த நிஷிகோரி பிரமாதமாகச் சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வசந்தத்தில், அந்தப் போரில் வெட்டுண்ட அகபோரியின் தலையைப் புதைத்த கோயிலுக்குப் போனேன். வெட்டிய தலைகளைக் கழுவி, வாரி, வென்றவன் முன் வைப்பது அந்தக் காலத்தில் பெண்களின் வேலை. அங்கிருந்த பிக்குணி சொன்னார்:

“தலை பல்லைக் காட்டிட்டு இருந்துச்சாம். செத்தும் சிரிக்கிறான், மக செத்ததுக்கும் சிரிச்சிருப்பான்னு தளபதிங்க எழுதி வச்சுட்டாங்க. கழுவின பொம்பளைங்களுக்குத்தான் உண்மை தெரியும். பல்லுக்கு நடுவுல துணி. சின்னப் பொண்ணோட கிமோனோவுல கைப்பகுதி. அழுகை வெளிய கேட்கக்கூடாதுன்னு கடிச்சிருக்காரு. மூணு பேர் சேர்ந்து இழுத்தும் வரல. அப்படியேதான் புதைச்சாங்க.”