தினே என்றால் எத்தனை மணி

அப்பாவின் வான் வண்டிக் கதவைத் திறந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது பாண் வாசம். அதற்கு மேல் அம்மா கட்டித் தந்த றோலின் எண்ணெய் மணம், அதற்கும் மேல் வெயிலில் காய்ந்த இருக்கையின் மணம், மூன்றும் சேர்ந்த அந்தக் கலவைக்குள் உட்கார்ந்துதான் என் பதினொரு வயதுக் கோடையில் மொன்றியல் முழுவதையும் சுற்றினேன். அப்பா விடியப்புறத்தில் அந்த வானில் பேக்கரிப் பாணைச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். திரும்பி வந்ததும் வெறும் தட்டுகளை இறக்கிவிட்டு எங்களை ஏற்றுவார். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தால் செய்யவேண்டிய இந்தக் கடமைக்கு எங்கள் ஆட்களிடம் "சுத்திக் காட்டுறது" என்று பெயர். காட்டாமல் விட்டால், "போனனாங்கள், ஒரு இடமும் காட்டேல்லை" என்ற கதை லண்டன் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்தக் கோடையில் இளையோருக்கான உலகக் கிண்ண உதைபந்தாட்டம் கனடாவுக்கு வந்திருந்தது. சில ஆட்டங்கள் எங்கள் நகரத்திலும் நடந்தன. அதைப் பார்க்கவென்று பாரிசிலிருந்து அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, என் வயதுக்காரியான மகள் ஆரணியைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். சித்திக்கு லீவு கிடைக்கவில்லை. பந்தாட்டம் வெறும் சாட்டு என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தை விட்டு ஓடியபோது அண்ணனை ஓர் ஏஜென்சிக்காரன் கனடாவிலும் தம்பியை இன்னொருவன் பிரான்சிலும் கொண்டுபோய் விட்டிருந்தான். அன்று பிரிந்தவர்கள் மறுபடி ஒரே ஊரில் இருக்கவேண்டும் என்பது அப்பாவின் தீராத ஆசை. பாரிசில் சித்தப்பா ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர், குடியிருப்பு ஒற்றை அறை. இங்கே யாராவது ஒருவர் வேலை தருகிறேன் என்று சொன்னால் போதும், மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா நம்பினார். எனக்கும் அதே ஆசைதான், ஆரணி என்னுடைய வகுப்பிலேயே வந்து இருக்கவேண்டும் என்று.

ஆகவே அப்பா சுற்றிக் காட்டியது விருந்தாளிக்கு ஊரைக் காட்டுவதாக இருக்கவில்லை, பெண் பார்க்க வந்தவர்களுக்கு வீட்டைக் காட்டுவதாக இருந்தது. மலைமேலிருக்கும் பெரிய தேவாலயம், முருகன் கோயில், பழைய துறைமுகம், மைதானத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கோபுரம், எல்லா இடத்திலும் வானை நிறுத்தி, "பாத்தாச்சு எண்டு சொல்லாதை, வடிவாப் பார்" என்பார். எங்கும் வேற்று நாட்டுக் கொடிகளைப் போர்த்திக்கொண்டு ஆட்கள் திரிந்தார்கள். ஆரணியும் நானும் பின்னிருக்கையில் தலைசுற்றிக் கிடப்போம். முன்னால் அப்பா ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருப்பார். "உனக்கென்னடா குறை, இஞ்சையும் பிரெஞ்சுதான், பாசை தெரியும். நான் ஒரு சொல்லும் தெரியாமல் வந்து இறங்கினனான்."

பாசைதான் சித்தப்பாவுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அவர் பாரிஸ் பிரெஞ்சில் நீட்டி முழக்கிக் கேட்பார். ஐஸ்கிரீம் கடைக்காரன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வான். "இவங்கள் கதைக்கிறது பிரெஞ்சே அண்ணை? எனக்கு இங்கிலீசில மறுமொழி சொல்லுறான், பாத்தியளே!" என்று சித்தப்பா உண்மையாகவே கோபப்பட்டார். அப்பா அடுத்த இடத்துக்கு வானைத் திருப்புவார்.

அப்பா பாண் போடும் கடைகளில் ஒன்று ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் இருந்தது. அதன் சொந்தக்காரியான வயதான மதாம், சமையலுக்கு ஆள் தேடுவதாகச் சொல்லியிருந்தார். அப்பா அவரிடம் தம்பியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவைக்க, ஒருநாள் மதாமே வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். அப்பா பேசப் போனபோது, "விடுங்கோ அண்ணை, நான் கதைக்கிறன்" என்று சித்தப்பா வாங்கிக்கொண்டார். பேசி முடித்தபோது அவருடைய முகம் பூரித்திருந்தது. "இஞ்ச வந்து முதல்முதலா ஒரு மனிசி என்னோட முழுக்கப் பிரெஞ்சில கதைச்சிருக்கிறா. வியாழக்கிழமை இராச்சாப்பாட்டு நேரம் வரட்டாம். சமைச்சுக் காட்டினால் சரியாம்." அம்மா உடனே சாமிப்படத்துக்கு விளக்கேற்றினார்.

வியாழக்கிழமை மத்தியானம் அப்பா எங்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேலே பார்வையிடும் மேடையில் நின்றால் நகரம் முழுவதும் காலடியில் கிடக்கும், அதற்கப்பால் ஆறு, ஆற்றுக்கப்பால் தென்கரை. அப்பா தம்பியின் தோளில் கைபோட்டு, "அந்தா, அந்தப் பக்கந்தான் லொங்குய்ய். உன்ர கடை அங்கதான் கிடக்கு" என்று காட்டினார். "உன்ர கடை" என்றே சொன்னார். பக்கத்துக் கட்டையில் உட்கார்ந்து நாங்கள் றோல் சாப்பிட்டோம். நான் பார்த்ததிலேயே அப்பா மிகவும் சந்தோசமாக இருந்த நேரம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பின்னேரம் அப்பா ஆரணியையும் என்னையும் ஆட்டம் பார்க்க மைதானத்துக்குக் கூட்டிப்போக, சித்தப்பா தன்னுடைய நுழைவுச்சீட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அப்பாவின் நல்ல சேர்ட்டைப் போட்டுக்கொண்டு மஞ்சள் பாதை மெத்ரோவில் லொங்குய்க்குப் போனார். யார் வென்றார்கள் என்பது இப்போது நினைவில்லை. தொண்டை கட்டக் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. வெளிச்சம் போகுமுன்பே வீட்டுக்கு வந்தபோது, வெளிப்படிக்கட்டில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். கடை பூட்டிக் கிடந்ததாம். கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் கதிரைகளை மேசைகளுக்கு மேல் கவிழ்த்து வைத்திருந்ததாம்.

"அந்தக் கடை மூண்டு மணிக்கே பூட்டிவிடும்" என்று அப்பா குழம்பினார். "நான் நினைச்சன் உனக்காகத் திறந்து வைச்சிருப்பா எண்டு. மனிசி என்னடா சொன்னவ?"

"தினேக்கு வா எண்டுதான் சொன்னவ."

நான்தான் முந்திக்கொண்டேன். "தினே எண்டால் மத்தியானமெல்லோ? பள்ளிக்கூடத்தில தினேக்குத்தானே நாங்கள் சாப்பாட்டுப்பெட்டி திறக்கிறனாங்கள்."

பாரிசில் தினே என்றால் இரவுச் சாப்பாடு. இங்கே அதே சொல் மத்தியானச் சாப்பாடு. சித்தப்பாவுக்கு அவருடைய தினேதான் தெரியும், அப்பாவுக்கு இந்த ஊர்த் தினேதான் தெரியும். சித்தப்பா அந்தச் சொல்லை அப்படியே வீட்டில் சொல்லியிருந்தால் அப்பா பதினொரு மணிக்கே அவரைக் கொண்டுபோய் இறக்கியிருப்பார். அண்ணனுக்கு வடிவாக விளங்கட்டும் என்று அவர் அதைத் தமிழில் சொன்னதுதான் பிழையாகிவிட்டது. நாங்கள் மலையில் நின்று கைநீட்டிக் காட்டிய நேரத்தில், அங்கே அந்த மதாம் அடுப்பை மூட்டிவைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் பாணோடு போய் அப்பா விசயத்தைச் சொன்னாராம். மதாம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாராம். சிரித்து முடித்துவிட்டு, முதல்நாள் பின்னேரமே வேறொருவருக்குச் சொல்லிவிட்டேன் என்றாராம். அப்பா அதன்பிறகு வேறு கடைகளிலும் கேட்டுப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. மிச்ச நாட்களும் எங்களைச் சுற்றிக் காட்டத்தான் செய்தார், ஆனால் "வடிவாப் பார்" என்று சொல்வதை விட்டுவிட்டார். விமான நிலையத்தில் சித்தப்பா, "போட்டு வாறன் அண்ணை, பேந்து பாப்பம்" என்றார். பேந்து, அதாவது பிறகு, என்ற சொல்லுக்கு எங்கள் ஆட்களிடம் கெடுவே கிடையாது.

இப்போது பெரியவர்களின் உலகக் கிண்ணமே வந்திருக்கிறது. எங்கள் நகரம் முதலில் ஆசைப்பட்டு, பிறகு வேண்டாம் என்று விலகிக்கொண்டது, இந்தப் பக்கத்து ஆட்டமெல்லாம் ரொறன்ரோவில். ஆனாலும் அங்கே வருகிற சொந்தமெல்லாம் அப்படியே மொன்றியலுக்கும் வந்து சேர்கிறது. சுற்றிக் காட்டும் வேலை அப்பாவிடமிருந்து எனக்கு வந்து கனகாலம். கண்ணைக் கட்டிவிட்டாலும் தேவாலயத்துக்கும் துறைமுகத்துக்கும் காரை ஓட்டிப் போவேன். உண்மையைச் சொன்னால் அலுத்துவிட்டது. லொங்குய்க் கடை மருந்துக்கடையாகிவிட்டது. அப்பாவின் முழங்கால் மலைக்கு ஏறாது. சித்தப்பா பாரிசில் இறந்து மூன்று வருடமாகிறது.

போன கிழமை ஆரணி தொலைபேசி எடுத்தாள். தானும் புருசனும் பிள்ளையும் வருகிறார்களாம். எந்தெந்த இடம் பார்க்க விருப்பம் என்று வழக்கம்போல, கொஞ்சம் சலிப்போடுதான் கேட்டேன்.

"ஒரு இடமும் வேண்டாம். பெரியப்பாவைக் கதைக்கவிட்டுப் பக்கத்தில இருக்கவேணும். அப்பான்ர குரல் அப்பிடியே அவருக்கு இருக்கெண்டு அம்மா சொல்லுறவ. என்ர பிள்ளையும் ஒருக்காக் கேக்கட்டும்."

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "அவன்ர குரல் எனக்கு இப்ப நினைவு வருகுதில்லை. என்னட்டை இருக்கே?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா" என்றேன். எனக்கும் அது நினைவில் இல்லை.