வீணைக்குள் கேட்ட தட்டல்

வெள்ளவத்தையில் காலி வீதியோரத் தொடர்மாடியில் நானும் மனைவியும் வசிக்கிறோம். காதை முழுதாக மூடும் ஹெட்போன் ஒன்றை ஆசையாக வாங்கினேன். மெத்தென்ற காதுறை மூக்குக்கண்ணாடியைக்கூட அழுத்தவில்லை. பஸ் இரைச்சல் அடியோடு மறைந்தது.

அன்று மாலை, பலமுறை கேட்ட வீணைக் கச்சேரியைப் போட்டேன். நடுவில், இதுவரை கேட்டிராத மெல்லிய தட்டல். மேடையில் யாரோ தொடையில் தாளம் போடுவதுகூடக் கேட்கிறதே என்று பூரித்துப்போனேன். மறுபடி ரசிக்கப் பின்னால் ஓட்டினேன். அந்த இடத்தில் தட்டல் இல்லை, வேறிடத்தில் வந்தது. ஹெட்போனைக் கழற்றினேன். தட்டல் நிற்கவில்லை; குளியலறைப் பக்கமிருந்து வந்தது.

குளியலறைக் கதவை இடித்துத் திறந்தேன். வழுக்கி விழுந்த மனைவி எழும்ப முடியாமல், வாளியால் கதவைத் தட்டிக்கொண்டு கிடந்தாள். நெற்றியெல்லாம் இரத்தம். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் அடைத்திருந்தது.

"இவ்வளவு நேரமாத் தட்டினனான். உங்களுக்குக் கேக்கேல்லையே?"

"கேக்கேல்லையப்பா" என்றேன்.

காயம் ஆறிவிட்டது. இப்போது ஒரு காதை வெளியே விட்டுத்தான் பாட்டுக் கேட்கிறேன். ஆனாலும் வீணை அந்த இடத்துக்கு வந்ததும் தட்டல் கேட்கிறது. எதிரில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதே எழுந்து போய், வெறும் குளியலறையைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன்.