ஒரே திகதியில் மூன்று திவசம்

பிள்ளையள், எங்கடை ஒழுங்கையில் மூன்று வீட்டில் ஒரே நாளில் திவசம் வரும். ஒரு வருஷம் அந்தத் திகதியில் ஆமி முகாம் சண்டை நடந்தது. இன்னொரு வருஷம் அதே திகதியில் குண்டுவீச்சு, பிறகொரு வருஷம் பீரங்கிச் செல்லடி. செத்த நேரம் தெரியாததால் திதி பார்க்க ஏலாமல், திகதியையே வைத்துக்கொண்டார்கள்.

அந்த முகாம் சண்டையில்தான் உங்கடை பெரியப்பா காணாமல் போனார். "உடம்பைக் கண்டனீங்களோ? அவர் வருவார்," என்று பெரியம்மா சொல்லுவா. அதனால் நாங்கள் படைப்பதில்லை.

போன வருஷம் மூன்று வீட்டாரும் சோறு வைத்துக் காகத்தைக் கூப்பிட்டார்கள். ஒன்றும் போகவில்லை. எல்லாம் எங்கள் மதிலில் சத்தமில்லாமல் வீட்டைப் பார்த்தபடி இருந்தன.

"உங்களிட்டைத்தான் கேக்கினம் போல," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

பெரியம்மா கோயிலால் வர முன்னம், தனியே போய் ஒரு பிடி சோறு வைத்தேன். அவை தின்று முடிய, மதிலைக் கழுவிவிட்டேன்.