சிராஜுதீனின் பாதி

கோவில்பட்டியில் என் கடலைமிட்டாய்க் கடையை ஒட்டி இருக்கிறது ருமானாவின் ஃப்ளெக்ஸ் டிசைன் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் வரும். ஆனால் கடைக்குச் சோறு போடுவது சாவுதான். கழுகுமலையில் ஒருத்தர் கண்ணை மூடினால் சூட்டோடு சூடாக அவர் போட்டோ ருமானாவின் திரைக்கு வந்துவிடும். சட்டைக் கசங்கலை நீவி, பின்னால் மேகம் போட்டு, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று எழுதிக் கொடுப்பாள்.

அவள் புருஷன் சிராஜுதீனுக்கு அப்படி யாரும் போடவில்லை. சாத்தூர் ரோட்டில் லாரி அடித்து அவன் போய் நாலு வருஷமாகிறது. இறந்தவர் படத்தைச் சுவரில் மாட்டும் பழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் முகம் பாதி பூவுக்குள் இருக்கிறது. அவன் செல்போனாவது மிஞ்சியிருக்கலாம். அவள் புருஷனுக்காகத் துக்கம் காக்கும் இத்தா இருந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதங்களில், கொழுந்தன் அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தன் மச்சினனுக்குக் கொடுத்துவிட்டான். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற நினைப்பு வேறு. ஆதார் அட்டைப் படத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதில் நானே திருடன் மாதிரித்தான் இருக்கிறேன்.

மிஞ்சியது கடைக் கம்ப்யூட்டர். சிராஜ் அதற்குள் இரண்டு குடித்தனம் வைத்திருந்தான். ஒரு பாதி விண்டோஸ், ருமானாவின் டிசைன் வேலைக்கு. மறு பாதி லினக்ஸ், அவனுக்கு. சுவிட்சைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும்; பேசாமல் விட்டால் லினக்ஸ் திறந்து, பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். அங்கே அவன் பேருக்கு மேல் ஒரு வட்டத்துக்குள் அவன் முகம். கடைக் கேமராவில் அவனே எடுத்து வைத்தது. வாயில் என் கடை மிட்டாய், ஒரு கன்னம் புடைத்திருக்கும். பாஸ்வேர்டு ருமானாவுக்குத் தெரியாது. தினமும் காலையில் அந்த முகத்தைப் பார்ப்பாள், அணைப்பாள், மறுபடி போட்டு விண்டோஸுக்குப் போவாள்.

“தெனமும் தப்பாத் தொறந்துட்டுப் பொறவு மாத்துதியேம்மா,” என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். சிரித்து மழுப்பிவிடுவாள். மவுத்தானவர் படத்தை வைத்துக்கொண்டு அழக் கூடாது என்பது மாமியார் கட்டளை. தானாக வருவதைப் பார்த்தால் என்ன தப்பு என்று இவள் மனசுக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தாள். அதனால்தான் அதைத் தன் செல்லில்கூடப் படம் பிடிக்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

போன ஆடியில் விண்டோஸ் இருந்த பாதியில் இடம் தீர்ந்துவிட்டது. பெரிய வீட்டுச் சாவு ஒன்றுக்கு டிசைன் பாதியில் நின்றுபோக, வந்தவர்கள் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். அன்றைக்கே மாரிராஜ் வந்தான். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன், சிராஜின் கூட்டாளி.

“பாதி எடம் சும்மா கெடக்குக்கா. லினக்ஸ எடுத்துட்டு இதோட சேத்துருதேன்.”

“அவிய வச்சிருந்ததெல்லாம்?”

“அவன் ஃபோல்டர் பூராத்தையும் காப்பி எடுத்துத் தந்துருதேன். ஒண்ணு விட மாட்டேன்.”

அந்த முகமும் வருமா என்று கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. இவளுக்கு ஏன் இந்த ஆசை என்று நினைத்துவிடுவானோ என்ற கூச்சம். எல்லாம் என்றால் அதுவும்தானே என்று தலையாட்டிவிட்டாள். மாரிராஜ் சொன்னபடி ஃபோல்டரைக் காப்பி எடுத்தான், லினக்ஸை அழித்தான், இடத்தைச் சேர்த்தான். அன்று சாயங்காலத்துக்குள் வரிசையாக அஞ்சலி பேனர்கள் முடிந்தன. எங்கேயும் நிற்கவில்லை.

மறுநாள் காலை சுவிட்சைப் போட்டதும் நேராக விண்டோஸ் வந்தது. அவள் காப்பி எடுத்ததைத் திறந்து தேடினாள். பாட்டுகள் இருந்தன. பாதியில் விட்ட டிசைன்கள் இருந்தன. பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வந்து உட்கார்ந்த ஊர்க்காரர்களின் முகங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. எடுத்தவன் முகம் இல்லை.

அவள் என் கடைக்கு வந்து நின்ற நிலையைப் பார்த்து, விவரம் கேட்டு, நானே போய் மாரிராஜைக் கூட்டி வந்தேன். விஷயத்தைக் கேட்டதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேடிப் பார்த்தான். அந்தப் படத்தை சிராஜின் ஃபோல்டரில் வைக்காமல், லினக்ஸ் தனக்கென்று வேறு ஓர் இடத்தில் வைத்துக்கொள்ளுமாம். அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேரை மத்தியானம்வரை ஓட்டினான். துண்டு துண்டாக ஏதேதோ வந்தது, அது வரவில்லை. நேற்றுப் போட்ட பேனர் அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும் என்றான்.

“ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேக்கா.”

“என்னன்னு சொல்ல, தம்பி?”

எனக்கு மாரிராஜ்மேல் கோபம், கொழுந்தன்மேல் கோபம், அந்த மாமியார்மேலும் கோபம். யாரைத் திட்டினாலும் அது திரும்பி வராது.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் அழுத முகத்தோடு கடைக்குள் வந்தாள். புதியம்புத்தூரில் தையல் வேலை பார்க்கிறவள், அப்பன் செத்த சேதி கேட்டு வந்திருக்கிறாள். கையில் ஓரம் மடங்கிய சின்னப் படம்.

“அப்பாவுக்கு இது ஒண்ணுதான்க்கா இருக்கு.”

ருமானா அதை ஸ்கேன் செய்தாள். “செல்ல எடு. மொதல்ல இத உனக்கு அனுப்புதேன்.”

“பேனர் முடியட்டும்க்கா. பொறவு வாங்கிக்கிடுதேன்.”

“இப்பவே எடு.”

அந்தப் பெண் செல்லைத் திறந்து, படம் வந்துவிட்டது என்று சொல்லும்வரை ருமானா பேனரில் கை வைக்கவில்லை.