ஒரு துணியும் இரண்டு பாயிண்டும்

துடைத்த தரை காயும் முன்னால் அதில் ஷூவோடு நடக்காத ஒரே ஆள் ரெஃப்ரீதான். சனிக்கிழமை காலையில் வருவார். அக்கா நடையைத் துடைத்துக்கொண்டிருந்தால் வாசலிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். சுவரோரமாக நுனிக்காலில் நடந்து மாடிப்படி ஏறிவிடுவார். "பரவாயில்ல, நடங்க சார்" என்று அக்கா சொல்லியும் பார்த்தாள். காதில் விழாத மாதிரி போய்விட்டார்.

அக்கா அந்த ஸ்குவாஷ் கிளப்பில் துப்புரவு வேலை செய்கிறவள். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். ரெஃப்ரீக்கு மற்ற நாளில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. அதைச் சொல்லியே ஆட்டக்காரர்கள் அவரை வம்புக்கு இழுப்பார்கள்.

"கடையில அத்தனை கண்ணாடி சும்மா கிடக்குதே, ஒண்ண மாட்டிட்டு வரக் கூடாதா சார்?"

"எல்லாம் உங்க நம்பர்லதான் இருக்குது. என்னோடது கிடைக்கல" என்பார்.

நாலு சுவருக்குள்ளே இரண்டு பேர் ஒரே பந்தை அடிக்கிற ஆட்டம் அது. ஒருவர் வழியில் ஒருவர் வந்துதான் தீருவார். மறிக்கப்பட்டவர் கையைத் தூக்கிக் கேட்டால், பின்சுவருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ரெஃப்ரீ சொல்ல வேண்டும்: திரும்ப ஆடுங்கள், அல்லது பாயிண்ட் இவருக்கு, அல்லது ஒன்றும் கிடையாது. மூன்றில் எதைச் சொன்னாலும் ஒருவர் முறைப்பார். விசில் கூடக் கிடையாது, வாய்தான். விதிப் புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். ஆட்டத்துக்கு முன்னால் அதைப் பிரித்து, உதடு அசைய ஒரு பக்கம் படிப்பார். அதைப் பார்க்கும்போது அக்காவுக்குத் தான் காலையில் கும்பிடுகிற ஞாபகம் வரும்.

அக்காவின் மகளும் அங்கேதான் ஆடினாள். அந்த வருஷம் பெண் பிள்ளைகள் போட்டியில் ஜெயிக்கிறவளுக்கு விளையாட்டு விடுதியில் ஓர் இடம் என்று அறிவித்தார்கள். தங்க இடம், சாப்பாடு, பள்ளிக்கூடம் முடியும்வரை படிப்பு. அக்கா மூன்று மாதமாக வேறு எதையும் கடவுளிடம் கேட்கவில்லை. மகள் கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டாள்.

ஐந்து கேமில் மூன்று எடுத்தால் ஜெயம். மகள் இரண்டு எடுத்திருந்தாள், எதிராளி ஒன்று. நாலாவது கேமில் பந்தைத் துரத்திப் போனவள் சுவரில் முழங்கையை மோதிக்கொண்டாள். தோல் கிழிந்து ரத்தம் வந்தது. ரத்தத்தோடு ஆடக் கூடாது என்று ரெஃப்ரீ ஆட்டத்தை நிறுத்தினார். பஞ்சு வைத்துக் கட்டி, ரத்தம் நின்ற பிறகு ஆடச் சொன்னார். மகளுக்கு ஒன்பது, எதிராளிக்கு ஆறு. பதினொன்றுக்கு இன்னும் இரண்டு பாயிண்ட்.

அப்போது எதிராளி தரையில் சிந்திய வியர்வையில் வழுக்கினாள். "அக்கா, கொஞ்சம் துடைச்சு விடுங்க" என்றார் ரெஃப்ரீ.

அக்கா வெள்ளைத் துணியோடு உள்ளே போனாள். வியர்வையைத் துடைத்தாள். தரையில் போட்ட சிவப்புக் கோட்டை ஒட்டி ஒரு சொட்டு ரத்தம் கிடந்தது. கோட்டு நிறமும் அதன் நிறமும் ஒன்று. மேலே இருந்து பார்த்தால் தெரியாது. மகள் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். திரும்ப ரத்தம் வருகிறது என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவள் கை தன்னால் அந்தச் சொட்டைத் துடைத்துத் துணியை உள்பக்கமாக மடித்தது.

கதவுவரை வந்துவிட்டாள்.

"அக்கா." ரெஃப்ரீயின் குரல் உயரவே இல்லை. "அந்தத் துணியக் கொஞ்சம் விரிச்சுக் காட்டுறீங்களா?"

கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். மெதுவாகக் கேட்டவரிடம் கத்த முடியவில்லை. வியர்வைதான் சார் என்று சொல்லிவிடலாம்தான். தினமும் கும்பிடுகிற கை. விரித்துக் காட்டினாள்.

ரெஃப்ரீ துணியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார். "நின்ன ரத்தம் திரும்ப வந்தா அதுக்குத் தனியா நேரம் குடுக்க விதி இல்லம்மா. இந்த கேமை விட்டுக் குடுத்தா இடைவேளை தொண்ணூறு விநாடி கிடைக்கும். அதுக்குள்ள நிக்கணும். நிக்கலைன்னா மேட்ச் போயிடும்."

"ரெண்டே பாயிண்ட் சார்."

"தெரியும்மா."

"அஞ்சு நிமிஷம் குடுங்க சார், போதும்."

"எங்கிட்ட அஞ்சு நிமிஷம் இல்லயேம்மா."

மகள் கேமை விட்டுக்கொடுத்தாள். இரண்டுக்கு இரண்டு. அக்கா முழங்கையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். கடவுளே, கடவுளே என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. பஞ்சு நனைந்தது. வேறு பஞ்சு வைத்தார்கள், அதுவும் நனைந்தது. ரெஃப்ரீ கைக்கடிகாரத்தைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார், திரும்பக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எதிராளி ஜெயித்ததாக அறிவித்தார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. தாளில் எழுதும்போது மட்டும் பேனா இரண்டு தடவை கீழே விழுந்தது.

"பெத்தவளே மகளுக்குக் குழி தோண்டிட்டீங்களேக்கா" என்றார் மகளின் கோச். மகள் மட்டையைப் பைக்குள் வைத்து மூடினாள். வீட்டில் அன்று மூன்று தடவை கட்டு மாற்றினார்கள், மூன்று தடவையும் பேச்சில்லாமல். விடுதிக்கு மற்றப் பிள்ளை போனாள். இவள் பழைய பள்ளிக்கூடத்துக்கே போனாள்.

அதற்குப் பிறகு அக்கா ரெஃப்ரீயைக் கண்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். கோபமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. விதி எழுதினவர் அவர் இல்லை. துணியை விரித்ததும் அவர் இல்லை. யார் மேல் கோபப்படுவது?

ஏழெட்டு மாதம் கழித்துக் கண்ணாடிக் கடையை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ரெஃப்ரீயும் கடையோடு போக வேண்டியதாயிற்று. கடைசிச் சனிக்கிழமை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, கீழே அக்கா துணி அலசுகிற இடத்துக்கு வந்தார். அவள் நகர வழியில்லை.

"பொண்ணு எப்படி இருக்கா?"

"இருக்கா சார். இப்பல்லாம் கொஞ்சம் பேசுறா."

அவர் தலையாட்டினார். போகத் திரும்பியவர் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க துணியை மடிச்ச விதத்துலதான்க்கா எனக்குச் சந்தேகம் வந்தது. அன்னிக்கு விரிக்க மாட்டேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சரின்னு விட்டிருப்பேனோ என்னவோ. இன்னிவரைக்கும் எனக்குத் தெரியலக்கா."