தனியாகப் பேசும் லிஃப்ட்காரர்

லிஃப்டின் கண்ணாடியைப் பார்த்து, ஸ்பேனரை வாயருகே பிடித்துக்கொண்டு, "எங்க வீட்ல ரெண்டு பேருமே நல்லாப் பேசுவோம். அவ வாயால, நான் தலையால" என்கிறார். சிரிப்புக்கு இடம்விட்டு நிறுத்துகிறார். கதவு திறக்கிறது. நாங்கள் நிற்பதைக் கண்டதும் ஸ்பேனர் பைக்குள் போய்விடுகிறது.

எங்கள் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டுகளைப் பழுதுபார்க்கிறவர். ஐம்பதைத் தாண்டியிருப்பார். வணக்கம் சொன்னால் புருவத்தை உயர்த்துவார், அதுதான் பதில். "என்னண்ணே கோளாறு?" என்றால், "ஒண்ணுமில்ல, கயிறு" என்பார். நாம் பதறி முடிப்பதற்குள் அடுத்த மாடிக்குப் போயிருப்பார்.

இப்பேர்ப்பட்டவர்தான் சனிக்கிழமை சாயங்காலங்களில், பக்கத்துத் தெரு காப்பிக் கடையின் மாடியில், சிவப்பு ஷூவும் கறுப்புச் சட்டையுமாக நின்று கூட்டத்தை வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கிறார். ஒருமுறை லிஃப்டில் சிக்கிக்கொண்டவர்களின் பயம் தெளிய, வெளியே நின்று வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறார். உள்ளே இருந்தவர்களில் ஒருவர் அந்தக் கடைக்காரர். விடுவாரா? மேடையில் ஏற்றிவிட்டார். "முகம் தெரியலல்ல, அதான் பேச்சு தானா வந்துச்சு" என்று இவர் இன்னும் கூச்சப்படுகிறார்.

வீட்டில் மட்டும் 'ஓவர்டைம்' என்று சொல்லிவைத்திருந்தார். வேடிக்கை முழுக்க மனைவியைப் பற்றியதாயிற்றே. தங்கை மகள்தான் விவரம் தெரியாமல், "அத்தை, மாமாவப் பாருங்க" என்று போனில் வீடியோவைக் காட்டிவிட்டாள்.

போன சனிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். இவர் மனைவி தையல்காரர். கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார். பாதிப் பேச்சில் இவர் பார்த்துவிட்டார். வாய் அப்படியே நின்றுபோயிற்று.

"ஏன் நிறுத்திட்டீங்க? கல்யாணமான நாள்லேர்ந்து நீங்க சேர்ந்தாப்ல நாலு வார்த்தை பேசி இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்றார் அந்த அம்மாள். கூடம் அதிரச் சிரித்தது. இவர் சிரிக்கவில்லை.

"கோவமா?" என்று மைக்கிலேயே கேட்டார்.

"கோவந்தான். என்னப் பத்திப் பேச உங்களுக்கு இத்தனை பேர் வேணும். எங்கிட்டப் பேச மட்டும் வாய் வராது, இல்ல?"

இவர் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "உன் முகத்தப் பாத்தா, நல்லாச் சொல்லணுமேன்னு தோணிடுது. அதுலயே பேச்சு அடைச்சுக்குது."

இப்போது யாருமே சிரிக்கவில்லை. அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"அந்தக் கதையெல்லாம் பாதிதான் சொல்றீங்க. மீதிய நான் சொல்லட்டா?"

மனைவி எழுந்து மேடைக்கு வரும்வரை இவர் காத்திருந்தார். பிறகு, மைக் கம்பத்தின் திருகைத் தளர்த்தி, அதை அந்த அம்மாளின் உயரத்துக்கு இறக்கிவைத்தார்.